கிணற்று நீரில் களைநாசினி: வெயிலும் வெள்ளைப் பொடியும் தீர்க்குமா?

கேள்வி: தம்பலகாமத்தில் அரை ஏக்கர் மிளகாய் வைத்திருக்கிறேன். வயல் வரம்புக்குப் பக்கத்திலேயே கிணறு. மேல்வயலில் எம்.சி.பி.ஏ. என்ற களைநாசினி அடித்த கிழமையே மழை கொட்டி, வயல் தண்ணீர் கிணற்றுக்குள் வழிந்துவிட்டது. அதை இறைத்த பிறகு குருத்து முறுகுகிறது. தைத்தேனியம் பொடி போட்டு வெயிலில் வைத்தால் களைநாசினி அழியும் என்கிறார்கள். உண்மையா? புல்மோட்டை மணலிலும் அது இருக்கிறதே, அதைப் போடலாமா ஐயா?

பதில்: பழியைத் தண்ணீர் மேல் போடுமுன் இலையைப் பாருங்கள். பனிப்பூச்சி என்றால் இலை விளிம்பு மேல்நோக்கிப் படகுபோல மடியும். சிற்றுண்ணி என்றால் கீழ்நோக்கிச் சுருளும். எம்.சி.பி.ஏ. பட்ட கன்றில் காம்பும் தண்டும் திருகும், புதிய இலை ஒடுங்கி நீளும், தண்ணீர் பாய்ந்த பாத்தி முழுக்க ஒரே மாதிரித் தெரியும். வரம்போரக் கன்றுகள் மட்டும் திருகியிருந்தால் தெளித்த அன்று காற்றில் வந்ததுதான், கிணறு காரணமில்லை. ஐயம் தீர நான்கு சட்டியில் போஞ்சி விதையுங்கள். இரண்டுக்கு மழைநீர், இரண்டுக்குக் கிணற்று நீர். இரண்டு கிழமையில் விடை கிடைக்கும்.

இனி பொடி விஷயம். நீங்கள் சொல்லும் வெள்ளைப் பொடி தைத்தேனியம் ஈரொட்சைட்டு. அதில் 387 நனோமீற்றருக்குக் குறைந்த அலைநீளமுள்ள புறஊதா ஒளி பட்டால், அதன் மேற்பரப்பில் நீரிலிருந்து ஐதரொட்சில் மூலிகம், அதாவது எதனோடும் உடனே வினைபுரியும் நிலையற்ற துணுக்கு, உண்டாகும். களைநாசினி மூலக்கூறை உடைப்பது அதுதான். எம்.சி.பி.ஏ. இதற்கு உடைந்து கொடுக்கும். ஆனால் வெயிலில் அந்தப் புறஊதாப் பங்கு ஏறத்தாழ நூற்றுக்கு ஐந்துதான். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

இந்தப் பொடியில் அனற்றேசு, உரூத்தைல் என்று இரண்டு பளிங்கு வகை விற்பனைக்கு உண்டு. நமக்கு வேண்டியது அனற்றேசு. வன்பொருள் கடையில் பெயின்றுக்கு விற்கும் வெள்ளைப் பொடி பெரும்பாலும் உரூத்தைல் வகை. பெயின்று வெயிலில் பொடிந்து உதிராமல் இருக்க, அதன் துகள்களுக்கு அலுமினா, சிலிக்காப் பூச்சு கொடுத்து இந்த வினையையே அடக்கியிருப்பார்கள். அதை வாங்கிக் கொட்டினால் தண்ணீர் வெள்ளையாகும், அவ்வளவுதான். புல்மோட்டை மணலில் கூடுதலாக இருப்பது இல்மனைற்று, அதாவது இரும்பும் தைத்தேனியமும் சேர்ந்த கனியம். உரூத்தைலும் உண்டு, ஆனால் மணல் பருமனில். வினை நடக்க மேற்பரப்பு போதாது. அதை விட்டுவிடுங்கள்.

சரியான பொடி கிடைத்தால் செய்முறை இது. ஒரு மீற்றர் நீள அகலமுள்ள தட்டில் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்கு, மணலில் வடித்த தெளிநீர் 50 லீற்றர் ஊற்றுங்கள். லீற்றருக்கு அரைக் கிராம் கணக்கில் 25 கிராம் பொடியை முதலில் சிறிது நீரில் குழைத்துக் கலக்குங்கள். உலர்ந்த தூளை மூச்சில் இழுக்கக்கூடாது, முகக்கவசம் கட்டுங்கள். மீன்தொட்டிக் காற்றுப் பம்பியை ஓடவிடுங்கள்: பொடி அடியில் படியக்கூடாது, வினைக்கு ஒட்சிசனும் வேண்டும். காலை 9 முதல் பின்னேரம் 3 வரை நேர் வெயில். மேலே பொலிகாபனேற்றுத் தகடு போட்டால் புறஊதா உள்ளே வராது. திறந்தே விடுங்கள்.

நடுவில் மருந்துக்கடை வாடை வந்தால் பயப்பட வேண்டாம். எம்.சி.பி.ஏ. பாதி உடைந்து குளோரோமெதைல்பீனோலாக நிற்கிறது, அதன் வாடை அது. ஆனால் அந்த நிலையில் தண்ணீரைப் பாவிக்கக் கூடாது. அடுத்த நாளும் வெயிலில் விடுங்கள். இரவில் அசையாமல் வைத்து, மேலே தெளிந்த மூன்றில் இரண்டு பங்கை மட்டும் மெதுவாக எடுங்கள். அடியில் தங்கும் பொடி மறுபடி உதவும். துணியில் வடித்தால் அந்த நுண்பொடி நிற்காது. மேலே எடுத்த தெளிநீரைப் போஞ்சிச் சட்டியில் திரும்பச் சோதித்த பிறகே கன்றுக்கு விடுங்கள்.

காரத்தன்மை கூடிய கிணற்று நீரில் வேகம் குறையும். நீரில் கரைந்துள்ள இருகாபனேற்று அந்த ஐதரொட்சில் மூலிகத்தைத் தின்றுவிடும், பீ.எச். 7க்கு மேல் போனால் பொடியும் எம்.சி.பி.ஏ.யும் இரண்டும் எதிரேற்றம் கொண்டு ஒன்றையொன்று தள்ளும். சீமெந்துத் தொட்டி இதை இன்னும் கெடுக்கும், பிளாஸ்ரிக் தட்டே நல்லது. புளிப்புக்கு வினாகிரி விடச் சொல்வார்கள், விடாதீர்கள். மூலிகம் களைநாசினியை விட்டு வினாகிரியை எரிக்கும்.

கணக்கையும் பாருங்கள். அரை ஏக்கருக்கு நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் என்றால் 10,000 லீற்றர். தட்டுக்கு மூன்றில் இரண்டு பங்கே எடுப்பதால், அதற்கு இப்படிக் குறைந்தது 300 தட்டு வேண்டும். ஆகவே இது நாற்றுமேடைக்குப் பொருந்தும், தோட்டத்துக்குப் பொருந்தாது. உப்பு, கட்மியம், புளோரைட்டு எதையும் இது எடுக்காது. குடிநீராக்கும் எண்ணமும் வேண்டாம்.

தோட்டத்துக்கு வழி கிணற்றை இறைப்பதுதான். இருட்டும் ஒட்சிசன் குறைவும் உள்ள கிணற்றடியில் எம்.சி.பி.ஏ. மெதுவாகவே அழியும்; ஈரமும் காற்றும் உள்ள மேல்மண்ணில் நுண்ணுயிர்கள் சில கிழமைகளில் தின்றுவிடும். எனவே இரண்டு மூன்று தடவை அடிவரை இறைத்து, பயிரில்லாத தரையில் பரப்பிவிடுங்கள்; வாய்க்காலிலோ மரக்கறிப் பக்கமோ விட வேண்டாம். ஊறிய புதுநீரைச் சட்டியில் சோதியுங்கள். அதுவரை மிளகாய்க்கு அயல் கிணற்று நீர். முறுகிய கன்றைப் பிடுங்க அவசரப்படாதீர்கள், புதுக் குருத்து நேராக வந்தால் தேறிவிடும். அடுத்த காலபோக மழைக்கு முன் கிணற்றுக்கட்டை இரண்டரை அடி உயர்த்தி, வயல் பக்கம் ஒரு அணையும் மண்ணால் போட்டுக்கொள்ளுங்கள்.