மழை வந்தால் பொரியும் மைக்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சார், வீட்டில் சின்னதாக ஒரு ரெக்கார்டிங் ரூம் வைத்திருக்கிறேன். ஏழு பின் கேபிளும் தனி பவர் சப்ளை பெட்டியும் உள்ள சீனத் தயாரிப்பு டியூப் மைக் (வால்வு வைத்த மைக்) ஒன்றை வாங்கி, நானே கேப்சூல் (ஒலியைப் பிடிக்கும் சவ்வுப் பகுதி), கப்ளிங் கெப்பாசிட்டர், டியூப் மூன்றையும் மாற்றினேன். முதலில் அருமையாக இருந்தது. மழை ஆரம்பித்ததிலிருந்து, ஆன் செய்ததும் அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம் வருகிறது, அரை மணி நேரம் ஓடினால் அடங்கிவிடுகிறது. குரலில் அடித்தொனியும் மெலிந்து போச்சு. வேறு வேறு டியூப் போட்டுப் பார்த்தும் பயனில்லை. கேப்சூல் போலியா?
- வாசகர், கடலூர்

பதில்: டியூபை விட்டுவிடுங்கள், கேப்சூலையும் இப்போதைக்குத் திட்டாதீர்கள். "அரை மணி நேரம் ஓடினால் அடங்கிவிடுகிறது" என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, துப்பு அங்கேதான் இருக்கிறது. டியூபோ, சரியாகப் பிடிக்காத சால்டரோ காரணமாக இருந்தால் சூடு ஏற ஏறக் கோளாறு பெரும்பாலும் கூடும். சூட்டில் குறைகிறது, மழைநாளில் அதிகமாகிறது என்றால் அது ஈரம், வேறொன்றுமில்லை.

கேப்சூல் என்பது 50 முதல் 80 பிகோ ஃபாரட் வரை உள்ள குட்டி கெப்பாசிட்டர். அதில் ஏறும் மின்னூட்டம் ஓடிவிடாமல் நிற்க, டியூபின் கிரிட் (ஒலி சிக்னல் நுழையும் முனை) பக்கம் நூற்றுக்கணக்கான மெகா ஓமிலிருந்து 1 கிகா ஓம் வரை ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். அவ்வளவு பெரிய தடைக்குப் பக்கத்தில் விரல் ரேகையின் உப்பு, கழுவாமல் விட்ட ஃப்ளக்ஸ் (சால்டர் பிடிக்க உதவும் பசை), அதன்மேல் கடலோரக் காற்றின் ஈரம் எல்லாம் சேர்ந்தால் மின்சாரம் கசிய ஒரு பாதை கிடைத்துவிடும். அந்தக் கசிவு ஒரே சீராக இல்லாமல் விட்டு விட்டு நடப்பதால்தான் பொரிகிற சத்தம். அடித்தொனி போனதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம்: 60 பிகோ ஃபாரட் கேப்சூலோடு 1 கிகா ஓம் இருந்தால் ஒலி சரியத் தொடங்கும் இடம் சுமார் 2.6 ஹெர்ட்ஸ், காதுக்கு எட்டாத தூரம். அதே இடத்தில் கசிவு தடையை 20 மெகா ஓமுக்கு இறக்கிவிட்டால் 130 ஹெர்ட்ஸிலேயே சரிய ஆரம்பித்துவிடும், ஆண் குரலின் நெஞ்சுத் தொனி இருப்பது அங்கேதான்.

உள்ளே கை வைக்கும் முன் ஒன்று. பெட்டியிலிருந்து வருவது நூறு வோல்ட்டுக்கு மேல், சிலவற்றில் இருநூறைத் தொடும். ஸ்விட்சை அணைத்து, சுவரிலிருந்து பிளக்கையும் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கெப்பாசிட்டரில் மின்னூட்டம் தேங்கி இருக்கும். சில நிமிடம் பொறுத்து, மீட்டர் வைத்து, கிட்டத்தட்ட பூஜ்யம் என்று கண்ணால் பார்த்த பிறகே தொடுங்கள். ஆன் நிலையில் ஏழு பின் கேபிளைக் கழற்றி மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு விடுங்கள்.

சரி, கேப்சூலா போர்டா என்று பிரித்தறிய மலிவான வழி இருக்கிறது. கேப்சூலின் ஒயர்களைக் கழற்றி, அந்த இடத்தில் 68 பிகோ ஃபாரட் என்பிஓ வகை (சூட்டில் மதிப்பு மாறாத வகை) செராமிக் கெப்பாசிட்டரைச் சால்டர் செய்து, வலைத் தலையை மூடி ஆன் செய்யுங்கள் (மூடாவிட்டால் ஹம் என்கிற உறுமல் வந்து குழப்பும்). பொரியல் தொடர்ந்தால் கேப்சூல் நிரபராதி. நின்றுவிட்டால் கேப்சூலில்தான் ஈரமோ தூசியோ. அப்படியானால் சிலிகா ஜெல் போட்ட டப்பாவில் ஓர் இரவு மூடி வைத்துப் பாருங்கள். தங்கம் பூசிய அந்தச் சவ்வைத் துடைப்பது, வாயால் ஊதுவது இரண்டும் கூடவே கூடாது.

என் ஊகம், போர்டுதான். கெப்பாசிட்டர் மாற்றியபோது உங்கள் விரல் எங்கெல்லாம் போயிருக்கும் என்று யோசித்து, கிரிட் பின், பெரிய ரெசிஸ்டர், கேப்சூல் ஒயர் வந்து சேரும் இடம், டியூப் சாக்கெட்டின் அடிப்பக்கம் எல்லாவற்றையும் 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷும் கொண்டு கழுவுங்கள், அழுக்கை அங்கேயே பரப்பாமல் பஞ்சு ஒட்டாத துணியில் ஒற்றி எடுங்கள், பிறகு இளஞ்சூட்டுக் காற்றில் காயவிடுங்கள். கொரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருக்கும் சானிடைசர் வேண்டாம், பலவற்றில் கிளிசரின் இருக்கிறது, அது ஈரத்தைக் கூப்பிட்டு உட்கார வைக்கும். கழுவிய பிறகும் தொல்லை இருந்தால், பெரிய ரெசிஸ்டரின் கிரிட் பக்கக் காலையும் கேப்சூல் ஒயரையும் போர்டிலிருந்து தூக்கி, டெஃப்லான் தூண் ஒன்றின்மேல் அந்தரத்தில் சால்டர் செய்துவிடுங்கள்.

கேப்சூல் ஒயரில் மீட்டர் வைத்து அளக்காதீர்கள். மீட்டரின் உள்தடை பெரும்பாலும் 10 மெகா ஓம். 1 கிகா ஓம் வழியாகக் கேப்சூலுக்கு வரும் 60 வோல்ட்டை அது அரை வோல்ட் சொச்சம் என்றுதான் காட்டும், உடனே நீங்கள் பவர் சப்ளையைப் பிரிக்க உட்கார்ந்துவிடுவீர்கள். அந்த வோல்ட்டைப் பெரிய ரெசிஸ்டருக்கு முன்னால் அளக்க வேண்டும்.

கேள்வி: என் மைக்கில் 12ஏடி7 டியூப் இருந்தது. அதை எடுத்துவிட்டு 6072 டியூப் போட்டேன். அன்றிலிருந்து ஹம். டியூப் பழுதா?
- வாசகர், மதுரை

பதில்: முதலில் அந்த ஹம் 50 ஹெர்ட்ஸா 100 ஹெர்ட்ஸா என்று பாருங்கள், போனில் ஸ்பெக்ட்ரம் காட்டும் ஆப் போதும். 100 என்றால் பவர் சப்ளை பக்கம். 12.6 வோல்ட்டில் ஓட்டினால் 12ஏடி7 ஹீட்டர் (டியூபைச் சூடாக்கும் இழை) இழுப்பது 150 மில்லி ஆம்பியர், 6072 இழுப்பது 175. ஏற்கெனவே விளிம்பில் ஓடிக்கொண்டிருந்த ரெகுலேட்டர் இந்தக் கூடுதல் சுமையில் தடுமாறி ரிப்பிளை (மின்சாரத்தில் மிஞ்சும் ஏற்ற இறக்கத்தை) அப்படியே உள்ளே விட்டுவிடும். ஹீட்டர் வோல்ட்டைப் பெட்டியில் அளக்காமல், டியூப் மாட்டி ஓடும்போது மைக் முனையில் அளந்து பாருங்கள், கேபிளில் எவ்வளவு தொலைகிறது என்பதும் தெரிந்துவிடும். வெறும் 50 என்றால் வலைத் தலைக்கும் உடம்புக்கும் தொடர்பு இருக்கிறதா என்று சோதியுங்கள். கழற்றி மாட்டியதில் பெயிண்ட் நடுவில் மாட்டி எர்த் விட்டுப்போவது ரொம்ப சகஜம்.

அப்புறம், 12ஏடி7க்கு வைத்த கேத்தோடு ரெசிஸ்டர் 6072க்கு அப்படியே பொருந்தும் என்று நம்ப வேண்டாம். டியூபின் பிளேட் முனை வோல்ட் சப்ளையில் பாதிக்கு ரொம்ப மேலேயோ கீழேயோ நின்றால் அந்த ரெசிஸ்டரையும் மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: எந்த டியூப் போட்டால் என் மைக் நியூமன் யு47 மாதிரி ஆகும்?
- வாசகர், திருச்சி

பதில்: எந்த டியூப் போட்டாலும் ஆகாது. ஜெர்மனியின் நியூமன் நிறுவனம் 1949ல் கொண்டுவந்த யு47 மைக், பிவிசி சவ்வு கொண்ட எம்7 கேப்சூலும் விஎஃப்14 டியூபும் சேர்ந்து உருவானது, அந்த டியூப் தயாரிப்பு நின்று அரை நூற்றாண்டுக்கு மேலாகிறது. உங்களுக்கு எரிச்சல் மைக்கின் கூர்மையான 'ஸ்' சத்தம்தான் என்றால் அதற்குக் காரணம் வேறு. உங்களுடையது மாதிரி மலிவு மைக்குகள் பலவற்றில் இருப்பது நியூமனின் யு67 மைக்கிலிருந்து எடுத்த கே67 பாணி கேப்சூல். அசல் யு67ல் அதன் மேல்தொனி எழுச்சியை அடக்க சர்க்யூட்டிலேயே ஏற்பாடு உண்டு, நகல்களில் கேப்சூலை மட்டும் வைத்துவிட்டு அந்த ஏற்பாட்டை விட்டுவிட்டார்கள். ஆகவே பணம் செலவழிப்பதென்றால் கேப்சூலில் செலவழியுங்கள்.