மேடையில் பேச வைக்கலாமா என்று கேட்ட அக்காவுக்கு

அக்கா, கணவனின் அடி தாங்காமல் தாய்வீடு வந்துவிட்ட உங்கள் மகளிர் குழுப் பெண்ணை மார்ச் 8 மகளிர் தினக் கூட்டத்தில் பேச வைத்து, வீடியோவை வாட்ஸ்அப்பில் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். வீடியோ வேண்டவே வேண்டாம். வழக்கு நடக்கிறது என்கிறீர்கள். வாய்தவறி வரும் ஒரு வார்த்தையை எதிர்த்தரப்பு வக்கீல் பிடித்துக்கொள்வார். 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைச் சட்டமே விசாரணையை மூடிய அறையில் நடத்த இடம் தருகிறது. நாம் அதைத் தெருவுக்குக் கொண்டுவருவானேன்?

பேசுவது நல்லதுதான். என் தங்கையும் இப்படிப் பட்டவள்தான்; அதைப் பற்றி அவள் முதன்முதலில் வாய் திறந்தது பூ கட்டிக்கொண்டிருந்தபோது. கை வேலையில் இருந்தது, யாரும் முகத்தைப் பார்க்கவில்லை. பாதியில் நிறுத்திவிட்டாள், மீதி வர நாலு மாதம் ஆனது. அப்படி மூன்று நாலு பேராக உட்காருங்கள். "இத்தனை வருஷம் ஏன் பொறுத்தே?" என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது. எங்கள் பெரியம்மா கேட்டார். தங்கை அவரிடம் அப்புறம் பேசவேயில்லை.

எழுதப் பிடித்தால் நடந்ததைத் தேதியோடு ஒரு நோட்டில் எழுதட்டும், வக்கீலுக்கும் உதவும். வக்கீல் வைக்கப் பணமில்லை என்றால் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பு பார்ப்பதில்லை. கணவன் வந்து மிரட்டினால் மகளிர் உதவி எண் 181, ஆபத்து என்றால் அவசர எண் 112, இவற்றுக்குப் போன் பண்ணுங்கள்.

வாய்தா நாளில் ஒருவர் கூடப் போங்கள், இன்னொருவர் பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டி வாருங்கள். கூட்டத்தன்று பேசத் தோன்றினால் அவளே பேசட்டும். பேச்சாளர் பட்டியலில் இப்போதே பெயரை எழுதிவிடாதீர்கள்.