குளத்தில் ஆடாத படகு பெரிய ஏரியில் என்ன செய்யும்?

கேள்வி: என்னிடம் 12 அடி நீள அலுமினியப் படகு இருக்கிறது. அடிப்பக்கம் தட்டை, பின்னால் சின்ன மோட்டார். இரண்டு வருடமாகக் குளங்களில் மீன்பிடிக்க ஓட்டுகிறேன், எழுந்து நின்றாலும் ஆடுவதில்லை. இதைப் பெரிய ஏரிக்குக் கொண்டுபோகலாமா? கவிழ்ந்தாலும் எனக்கு நன்றாக நீச்சல் தெரியும்.

பதில்: கொண்டுபோகலாம், ஆனால் எல்லா நாளும் முடியாது. எழுந்து நின்றாலும் ஆடுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, என் கவலையே அங்கேதான் தொடங்குகிறது. தட்டையான அடிப்பக்கம் தண்ணீரின் மேற்பரப்போடு படிந்து கிடக்கும், அதனால் தண்ணீர் சமமாக இருக்கும்வரை படகும் தரை மாதிரி இருக்கும், அலை சாய்ந்தால் படகும் கூடவே சாயும். அப்புறம் ஒரு அளவுக்கு மேல் சாய்ந்துவிட்டால் திரும்பி நிமிராது, சட்டென்று புரண்டுவிடும்.

ஆனால் புரளும்வரை போக வேண்டியதே இல்லை, பக்கங்கள் தாழ்வாக இருப்பதால் அதற்கு முன்பே தண்ணீர் உள்ளே வந்துவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: உங்கள் படகின் தளம் சுமார் 3.6 மீட்டர் நீளம், 1.2 மீட்டர் அகலம் என்று வைத்தால், வெறும் 5 சென்டிமீட்டர் தண்ணீர் தேங்கினாலே 200 கிலோவுக்கு மேல். கூப்பிடாமலே மூன்று பேர் ஏறிக்கொண்ட மாதிரி, அதுவும் படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே ஓடிப்போய் உட்காருகிற மூன்று பேர்.

அலையின் உயரம் மூன்றைப் பொறுத்தது: காற்றின் வேகம், எவ்வளவு நேரம் வீசுகிறது, தடையில்லாமல் எவ்வளவு தூரம் தண்ணீர் மேல் ஓடி வருகிறது. குளத்தில் அந்தத் தூரம் இல்லை, பெரிய ஏரியில் கிலோமீட்டர் கணக்கில் கிடைக்கிறது. பலர் ஏமாறுவது இங்கேதான். காற்று உங்கள் முதுகுப்பக்கக் கரையிலிருந்து வீசினால் நீங்கள் நிற்கும் இடத்தில் ஏரி கண்ணாடி மாதிரி இருக்கும், காற்றோடு சுகமாகப் போய்விடுவீர்கள், போகப்போக அலை வளரும். திரும்பும்போது அதே காற்றை எதிர்க்க வேண்டும், காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும், சின்ன மோட்டார் திணறும். அதனால் முடிந்தவரை முதலில் காற்றை எதிர்த்துப் போங்கள், கரையை ஒட்டியே இருங்கள். அலைகளின் தலையில் ஆங்காங்கே வெள்ளை நுரை தெரிந்தால் காற்று மணிக்கு 15 கிலோமீட்டரைத் தொட்டுவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படகுக்கு அன்றைய பொழுது அவ்வளவுதான். இடிச்சத்தம் கேட்டாலும் அதே கதைதான், உடனே கரைக்கு. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.

மாட்டிக்கொண்டால் வேகத்தைக் குறையுங்கள், எல்லோரும் தளத்தில் தாழ உட்காருங்கள், அலையை நேருக்கு நேர் மோதாமல் கொஞ்சம் சாய்வாக எதிர்கொள்ளுங்கள். படகின் பக்கவாட்டை மட்டும் அலைக்குக் காட்டிவிடாதீர்கள். மோட்டார் நின்றுபோனால் முன்பக்கத்திலிருந்து நங்கூரம் போடுங்கள், படகு தானாக அலையைப் பார்த்துத் திரும்பிக்கொள்ளும். பின்பக்கத்தில் கட்டவே கூடாது. மோட்டார் மாட்டுவதற்காகப் பின்பக்கப் பலகையைத் தாழ்வாகத்தான் வைத்திருப்பார்கள், மோட்டாரின் பாரமும் அங்கேதான், நங்கூரமும் அங்கேயே இழுத்தால் இரண்டு அலை போதும்.

சாமான்களைப் பொறுத்தவரை துடுப்பு, தண்ணீர் இறைக்க வாளி, விசில், நனையாத உறையில் போன், இவ்வளவு போதும். மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிறு இருந்தால் ஓட்டுபவர் உடம்பில் மாட்டியே இருக்க வேண்டும், இல்லையென்றால் நீங்கள் விழுந்த பிறகு படகு மட்டும் தனியாகப் போகும்.

சரி, நீச்சலுக்கு வருவோம். லைஃப் ஜாக்கெட்டை இருக்கைக்கு அடியில் வைக்காதீர்கள், படகில் ஏறும்போதே போட்டுக்கொள்ளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் திடீரென்று விழுந்தால் முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுப்பாட்டில் இருக்காது, பத்து நிமிடத்துக்குள் கைகால் சொன்னபடி கேட்காமல் போகலாம், எவ்வளவு பெரிய நீச்சல்காரராக இருந்தாலும் இதுதான் நிலைமை. தண்ணீரில் இருந்து பார்க்கும்போது கரை பக்கத்தில் இருப்பது போலவும் தோன்றும். நீந்திப் போகாதீர்கள், கவிழ்ந்த படகு மிதக்கும்வரை அதையே பிடித்துக்கொண்டிருங்கள், தேடி வருபவர்களுக்குத் தண்ணீரில் ஒரு தலையைவிடப் படகுதான் கண்ணில் படும். கவிழ்ந்த படகு மிதக்க இருக்கைகளுக்கு அடியில் மிதவை நுரை இருக்க வேண்டும், கிளம்பும் முன் திறந்து பார்த்துவிடுங்கள்.