ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டுமா?

விழுந்தார் என்பது மட்டும் போதாது. தீங்கியல் சட்டப்படி (ஒருவர் தவறால் மற்றவருக்கு நேர்ந்த தீங்குக்கு இழப்பீடு பெற வழி செய்யும் சட்டம்) நான்கு விஷயங்களை வழக்குத் தொடுத்தவர்தான் நிரூபிக்க வேண்டும்: நிறுவனத்துக்குக் கவனக் கடமை (பிறருக்குத் தீங்கு நேராதபடி நியாயமான கவனத்தோடு நடக்கும் கடமை) இருந்தது, அதை மீறியது, அந்த மீறலால்தான் விபத்து நேர்ந்தது, உண்மையான இழப்பு ஏற்பட்டது. ஒன்று விட்டுப்போனாலும் வழக்கு நிற்காது.

கடமையை நிறுவுவது எளிது; அது எழ ஒப்பந்தம் தேவையில்லை. ஒப்பந்தமே இல்லாத நுகர்வோரிடமும் தயாரிப்பாளருக்கு அந்தக் கடமை உண்டு என்று 1932-லேயே, அன்று உச்ச நீதிமன்றமாகவும் இயங்கிய பிரிட்டன் பிரபுக்கள் சபை டொனாகு எதிர் ஸ்டீவன்சன் வழக்கில் தீர்த்துவிட்டது.

உண்மையான போராட்டம் மீறலில்தான். தண்ணீர் எவ்வளவு நேரம் கிடந்தது? கொட்டிய மறு நிமிடமே விழுந்தால் நிறுவனம் தப்பக்கூடும்; ஒரு மணி நேரம் கிடந்திருந்தால் தப்புவது கடினம். அதனால் தரையைச் சோதித்த நேரம், சோதித்தவர் கையொப்பம் இரண்டையும் அப்போதைக்கப்போதே பதிவேட்டில் எழுதுங்கள். விபத்துக்குப் பிறகு நிரப்பிய பதிவேடு, பதிவேடே இல்லாததைவிட மோசம். கேமரா பதிவு தானாக அழிவதற்குள் எடுத்து வையுங்கள்.

பணி நேரத்தில், வேலையின் பகுதியாக ஊழியர் செய்த தவறுக்கு முதலாளியும் பொறுப்பு. எச்சரிக்கைப் பலகையைக் கவனிக்காமல் வாடிக்கையாளர் ஓடியிருந்தால், பல நாடுகளில் அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீடு குறையும்.