முகம் மட்டும் மனத்தில் தங்குவதில்லையே, ஏன்?

கேள்வி: எனக்கு வயது 34. சிறு வயதிலிருந்தே முகங்கள் எனக்குப் பிடிபடுவதில்லை. உடன் பணிபுரிபவர் முடியை வெட்டிக்கொண்டு வந்தால்கூட யாரோ என்று கடந்து போய்விடுகிறேன். அவர் பேசினால்தான் தெரிகிறது. திமிர் பிடித்தவள் என்கிறார்கள். இது மறதி நோயின் தொடக்கமா, டாக்டர்?

பதில்: இல்லை. குரலைக் கேட்டதும் ஆளைத் தெரிந்துகொள்கிறீர்கள் என்றால், அவரைப் பற்றிய நினைவு பத்திரமாகவே இருக்கிறது. முகத்தின் வழியாக அந்த நினைவை எட்டும் பாதைதான் உங்களுக்குச் சரிவர அமையவில்லை. மூளைக் காயம்பட்டவர்களிடம் இதைக் கண்ட ஜெர்மானிய நரம்பியல் மருத்துவர் யோவாகிம் போடமர், 1947-இல் இதற்குப் புரோசோபக்னோசியா என்று பெயரிட்டார். தமிழில் முகமறியாமை எனலாம்.

கண் அனுப்பும் காட்சியை மூளையின் பிடரிப் பகுதி முதலில் வாங்கிக்கொள்கிறது. அங்கிருந்து, காதை ஒட்டிய பக்கவாட்டுப் பகுதியான பொட்டு மடலின் அடிப்புறம் செல்லும் வழியில் ஃபியூசிஃபார்ம் மடிப்பு என்ற பகுதி இருக்கிறது. முகங்களை அறிவதில் பெரும்பாலோருக்கு அதன் வலப்பக்கம் முதன்மையாக உழைக்கிறது, எழுத்துகளை அறிவதில் இடப்பக்கம். நாற்காலியை அதன் காலையும் சாய்மானத்தையும் கொண்டே அறிந்துவிடலாம். முகங்களிலோ எல்லோருக்கும் அதே இரு கண்கள், ஒரு மூக்கு, ஒரு வாய் என்பதால், அவற்றுக்கு இடையிலுள்ள நுண்ணிய இடைவெளிகளையும் சேர்த்து மூளை முழு முகத்தையும் ஒரே வீச்சில் படிக்க வேண்டியிருக்கிறது. தலைகீழாகப் பிடித்த புகைப்படத்தில் நெருங்கிய உறவினரைக்கூட அடையாளம் காண எவரும் திணறுவது, அந்த ஒரே வீச்சு வாசிப்பு அப்போது குலைந்துபோவதால்தான். அந்த வாசிப்பு இயல்பிலேயே வலுவாக இல்லாதவர்கள் தலைமுடி, கண்ணாடி, நடை ஆகியவற்றைப் பிடித்துக்கொள்கிறார்கள். அவற்றில் ஒன்று மாறினால் ஆளே மாறிவிடுகிறார்.

பிறவியிலேயே இப்படி இருப்பவர்கள் நூற்றுக்கு ஏறத்தாழ 2 பேர் என்பது பரவலான மதிப்பீடு. சில குடும்பங்களில் இது தொடர்ந்து வருவதால், உங்கள் பெற்றோரையும் உடன்பிறந்தவர்களையும் கேட்டுப் பாருங்கள். புகழ்பெற்ற நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸுக்கும் இது இருந்தது.

இதுவரை நன்றாக இருந்த ஒருவருக்கு முகங்கள் திடீரென அடையாளம் தெரியாமல் போனால் அது வேறு விஷயம். பக்கவாதமாக இருக்கலாம் என்பதால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். உங்களுக்கு அந்த அவசரம் இல்லை. ஒருமுறை பார்வையைச் சோதித்துக்கொண்டு, நரம்பியல் மருத்துவரிடம் முகமறிதல் சோதனை பற்றிக் கேளுங்கள். இதைக் குணப்படுத்த மருந்து இல்லை என்பதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

அதைவிட முக்கியமாக, உடன் பணிபுரிபவர்களிடம் உங்கள் நிலையைச் சொல்லி, எதிரே வரும்போது தங்கள் பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்கும்படி கேட்டுக்கொள்ளுங்கள். இத்தனை ஆண்டுகள் திமிர் என்ற பழியைச் சுமந்திருக்கிறீர்கள். அந்தப் பழிக்கு உரிய தவறு எதையும் நீங்கள் செய்யவில்லை.