கரையில் ஒரு நாள்: கப்பல் பயணிகளின் கேள்விகளுக்குப் பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே சங்கதி: கப்பல் காலையில் கொழும்புக்கு வருகிறது, மாலையில் போய்விடும், இடையில் என்ன பார்க்கலாம்? எத்தனை மணிக்கு வருகிறது, எத்தனைக்குப் புறப்படுகிறது என்று எழுதாத கடிதங்களை ஓரமாக வைத்துவிட்டேன். சோதிடம் என் தொழில் இல்லை.

காலை 7 மணிக்கு வந்து மாலை 5 மணிக்குக் கிளம்புகிறோம். பத்து மணி நேரம் முழுசாக இருக்கிறது. பின்னவல யானைகள், கண்டி தலதா மாளிகை, திரும்பும் வழியில் புறக்கோட்டையில் ஷாப்பிங் என்று திட்டம் போட்டிருக்கிறேன். சரியா? (மதுரை வாசகர்)

சரியில்லை. முதலில் அந்தப் பத்து மணி நேரமே உங்களிடம் இல்லை. கப்பலைக் கட்டியவுடன் யாரையும் இறக்க மாட்டார்கள். அதிகாரிகள் ஏறிப் பார்த்து அனுமதி கொடுத்த பிறகு, கப்பல்காரர் விற்ற சுற்றுலாவில் போகிறவர்களை முதலில் இறக்குவார்கள். எட்டு மணிக்கு நீங்கள் துறைமுக வாசலில் நின்றால் அதிர்ஷ்டம். ஐந்து மணிக் கப்பலுக்கு நாலரைக்குள் ஏறியிருக்க வேண்டும். என் கணக்கில் மூன்றரைக்கு வாசலுக்கு வந்துவிட வேண்டும். ஆக, கையில் ஏழரை மணி நேரம். கண்டி 115 கிலோமீட்டர். போக மூன்றரை மணி, வர மூன்றரை மணி. மிச்ச அரை மணியில் தலதா மாளிகை வாசலில் செருப்பைக் கழற்றலாம், திரும்ப மாட்டலாம்.

ஒருமுறை மனம் கேட்காமல் ஒரு தம்பதியைக் கண்டிக்குக் கூட்டிப்போனேன். திரும்பும்போது கடுகண்ணாவ இறக்கத்தில் ஒரு லொறி குறுக்கே விழுந்துகிடந்தது. ஐம்பது நிமிடம் அசையவில்லை. அந்த அம்மா பின்சீற்றில் இருந்து ஒரு வார்த்தை பேசாமல் அழுதுகொண்டிருந்தார். கப்பலுக்கு வந்து சேர்ந்தபோது ஏணியைத் தூக்க ஆள் நின்றது. அதற்குப் பிறகு நான் யாரையும் ஒரு நாளில் கண்டிக்குக் கூட்டிப்போனதில்லை.

பின்னவல மட்டும் என்றால் போகலாம். 90 கிலோமீட்டர் சொச்சம், போக இரண்டரை மணி. யானைகள் ஆற்றுக்கு இறங்குவது காலை பத்து மணிக்கு; நீங்கள் போய்ச் சேரும்போதும் ஆற்றில்தான் நிற்கும். அதைப் பார்த்துவிட்டு நேராகத் திரும்புங்கள். தெற்குக் கரையில் உள்ள காலி நகரம் கண்டியைவிடக் கொஞ்சம் தூரம்தான், ஆனால் அதிவேகப் பாதை இருப்பதால் இரண்டு, இரண்டேகால் மணியில் காலிக் கோட்டைக்குள் நிற்கலாம். இங்கே கிலோமீட்டரை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கண்டியைவிடத் தூரமான சிகிரியா பற்றி எழுதியிருந்த மற்ற நான்கு பேருக்கும்: முடியாது.

சிங்கப்பூரிலிருந்து வருகிறோம். கடிகாரத்தை மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கொழும்பு நேரமும் சென்னை நேரமும் ஒன்றுதான், சிங்கப்பூருக்கு இரண்டரை மணி பின்னால். ஆனால் நீங்கள் திரும்பி ஏற வேண்டியது கப்பல் நேரத்தில். கப்பல்காரர் கரைநேரத்துக்கு மாறினாலும் மாறுவார், மாறாமலும் இருப்பார். உங்கள் கைத்தொலைபேசியோ கரையில் கால் வைத்ததும் தானாக மாறிக்கொள்ளும். அதனால் கையில் ஒரு சாதாரணக் கடிகாரத்தைக் கட்டி, அதைக் கப்பல் நேரத்தில் வையுங்கள். இதை எத்தனையாவது தடவை எழுதுகிறேன் என்று எனக்கே மறந்துவிட்டது.

ஒரு நாள்தானே, விசா வேண்டுமா? (சென்னை)

கப்பல் கம்பெனியிடம் எழுத்தில் கேளுங்கள், என்னிடம் அல்ல. விதி மாறிக்கொண்டே இருக்கிறது. விண்ணப்பிக்கச் சொன்னால், முகவரி gov.lk என்று முடியும் குடிவரவுத் திணைக்களத்தின் தளத்தில் மட்டும் செய்யுங்கள்; அரசாங்கத் தளம் போலவே வேஷம் போட்டு இரட்டிப்புக் காசு வாங்குகிற தளங்கள் உண்டு.

துறைமுக வாசலில் ஒருவர் தமிழில் பேசினார். "உங்கள் கப்பல் கிச்சனில்தான் வேலை பார்க்கிறேன், இன்று லீவு" என்றார். கங்காராம கோயிலில் யானைத் திருவிழா, வருஷத்தில் இந்த ஒரு நாள்தான் என்று சொல்லி ஆட்டோ ஏற்றினார். கோயிலில் பத்து நிமிஷம், அப்புறம் ஒரு ரத்தினக்கல் கடையில் ஒன்றரை மணி நேரம். நீலக்கல் மோதிரம் 400 டாலருக்கு வாங்கினேன். ஊரில் காட்டினால் செயற்கைக் கல் என்கிறார்கள். ரசீது இல்லை. தமிழர் என்று நம்பினேன் ஐயா. (கோயம்புத்தூர் வாசகர், மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

இரசீது இருந்திருந்தால் சுற்றுலாப் பொலிஸுக்கும் தேசிய இரத்தினக்கல், ஆபரண அதிகார சபைக்கும் எழுதுங்கள் என்று சொல்லியிருப்பேன். இல்லை என்கிறீர்கள். 400 டொலர், எங்கள் காசில் ஒரு இலட்சத்து இருபதாயிரம்! அவ்வளவு கொடுத்த இடத்தில் ஒரு துண்டுக் கடுதாசி கேட்கத் தோன்றவில்லையா?

இந்த யானைத் திருவிழாவை நான் வருடக்கணக்காகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கங்காராம விகாரையின் நவம் பெரஹரா, அதாவது யானை ஊர்வலம், பெப்ரவரி மாதம், நவம் போயாவை (பௌர்ணமியை) ஒட்டி வருவது. துறைமுக வாசலிலோ நவம்பரிலும் யானை வரும், ஏப்ரலிலும் வரும், செவ்வாயும் வரும், வியாழனும் வரும். கப்பல் வருகிற நாளெல்லாம் "இந்த ஒரு நாள்தான்".

ஆளையும் சொல்லிவிடுகிறேன். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, சப்பாத்து. ஓட்டோவை முன்னால் நிறுத்தமாட்டான். அது முப்பது அடி தள்ளி, முடக்கில் நிற்கும். உங்கள் கப்பல் பெயர் அவனுக்கு எப்படித் தெரியும்? நீங்கள்தான் அந்த அறை அட்டையை நாடாவில் கோத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு வருகிறீர்களே! வாசலைத் தாண்டுமுன் அதைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் வையுங்கள். பாதித் தொல்லை அதோடு போய்விடும்.

தமிழில் கதைத்தான் என்பது ஒரு சான்றிதழா? அவன் ரஷ்ய மொழியிலும் கதைப்பான், ஜெர்மனிலும் கதைப்பான். "அண்ணே, மெட்ராஸா?" என்று அவன் கேட்கிறபோது உங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடுகிறது, அங்கேதான் வியாபாரம் முடிகிறது. கொழும்பில் தமிழ் பேசுகிறவர்கள் இலட்சக்கணக்கில் இருக்கிறோம். உங்கள் ஊரில் உள்ளதுபோல எங்களிலும் யோக்கியரும் உண்டு, மற்றவரும் உண்டு. நாள் முழுக்க மீட்டர் போட்டு ஓடி, மறந்து விட்டுப்போன குடையைத் திருப்பிக் கொண்டுவந்து கொடுத்த ஓட்டோக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வாசலில் கையைப் பிடித்து இழுப்பதில்லை.

கடைக்காரர் கூட்டிவந்தவனுக்குக் கொடுக்கும் கமிஷன் உங்கள் விலைக்குள்தான் இருக்கிறது. கல் வாங்கியே தீருவேன் என்றால், ஆய்வுகூடச் சான்றிதழோடு, நீங்களே தேடிப்போன கடையில் வாங்குங்கள். சூடேற்றிய நீலக்கல் என்றால் பயப்பட வேண்டாம், சந்தையில் பெரும்பாலானவை அப்படித்தான். செயற்கைக் கல் வேறு சங்கதி. மோதிரத்தை மகளுக்குக் கொடுங்கள், பார்க்க வடிவாகத்தான் இருக்கும்.

ஓட்டோவுக்கு எவ்வளவு? (பினாங்கு)

கிலோமீட்டருக்கு 100 ரூபா அளவு என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பிக்மீ, ஊபர் இரண்டும் ஓடுகின்றன. ஆனால் கப்பல் வைஃபை கரைக்கு வராது, டேட்டாவுக்கு முதலே வழி செய்யுங்கள்.

அம்மாவுக்கு 78 வயது, முழங்கால் வலி. இறக்கிக் கூட்டிப்போகலாமா? (டொரொன்டோ)

தாராளமாக. கொழும்பில் கடல் ஏற்றவற்றம் ஒரு மீட்டரைக்கூட எட்டாது, ஆகவே காலையில் இறங்கும்போது இருந்த ஏணிச் சாய்வுதான் மாலையிலும் இருக்கும். துறைமுகத்துக்குள் நடக்கவைக்காதீர்கள், கொள்கலன் லொறிகள் ஓடுகிற இடம். வாசல் வரை பஸ் இருக்கிறதா என்று கப்பலில் கேளுங்கள். புறக்கோட்டை வேண்டாம், நடைபாதையே கிடையாது, தலைச்சுமைக்காரர் மோதிவிடுவார். ஏ.சி. வாகனம் ஒன்றில் சுதந்திர சதுக்கம், பிறகு காலிமுகத்திடல். பன்னிரண்டு மணிக்குள் திரும்பி, அம்மாவைக் கப்பலில் தூங்க விடுங்கள்.

நகை, கோயில் இரண்டும் வேண்டும், அரை நாள்தான். (திருச்சி வாசகி)

செட்டியார் தெரு. நகைக் கடைகளும் கதிரேசன் கோயில்களும் ஒரே தெருவில். முதலில் பக்கத்திலே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போங்கள். சேர் பொன்னம்பலம் இராமநாதன் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுக்கக் கருங்கல்லில் திருப்பிக் கட்டியது. உள்ளே மின்விளக்குக் குறைவு. வெயிலிலிருந்து போகிறவருக்குத் தூண்கள் தெரியவே ஒரு நிமிடம் ஆகும், கல்லின் குளிர்ச்சி காலில் ஏறும். மதியம் நடை சாத்திவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நகைக் கடைகள் பலவும் பூட்டு.

சரித்திர ஆர்வம் உள்ளவருக்கு மூன்று மணி நேரத்தில் ஒரே ஓர் இடம்?

தேசிய நூதனசாலை. 1877இல் திறந்தது. அங்கே சீனக் கடற்படைத் தலைவர் செங் ஹ கொண்டுவந்த 1409ஆம் ஆண்டுக் கல்வெட்டு இருக்கிறது: சீனம், தமிழ், பாரசீகம் மூன்றிலும் பொறித்தது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாருக்கு (திருமாலுக்கு) கொடுத்த காணிக்கைகளைச் சொல்கிறது. எழுத்து தேய்ந்துவிட்டது, கண்ணாடி போட்டுக்கொண்டு நிதானமாகப் பாருங்கள். ஆறு நூற்றாண்டுக்கு முந்திய கப்பல் பயணி ஒருவர் விட்டுப்போன பொருள்.

ரயிலில் போக ஆசை. (ஈரோடு)

கொழும்புக் கோட்டை ரயில் நிலையத்திலிருந்து கல்கிசைக்குக் கரையோர வண்டி, அரை மணி. கொள்ளுப்பிட்டி தாண்டினால் தண்டவாளத்துக்கும் கடலுக்கும் நடுவில் கருங்கற்கள் மட்டும்தான். வலதுபக்கம் நில்லுங்கள். அலுவலகக் கூட்டம் குறைந்த பிறகு, ஒன்பதரைக்கு மேல் ஏறுங்கள். திரும்பும்போது வெள்ளவத்தையில் இறங்கிச் சைவக்கடையில் சாப்பிடலாம், ஆனால் ஒரு மணிக்குள் எழுந்துவிடுங்கள். ஒன்றரைக்குப் பள்ளிக்கூடம் விட்டால் காலி வீதி முழுக்க ஸ்கூல் வான்தான்.

விகாரைக்கு அரைக்காற்சட்டை போடலாமா?

கூடாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும், தொப்பி கழற்ற வேண்டும், புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிச் செல்ஃபி எடுக்கக் கூடாது. 2014இல் கையில் புத்தரைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரித்தானியப் பெண்ணை நாட்டை விட்டே அனுப்பினார்கள்.

எங்கள் கப்பல் வருவது பௌர்ணமி அன்று. (கோலாலம்பூர்)

போயா. பொதுவிடுமுறை. மது கிடைக்காது, இறைச்சிக் கடை பூட்டு, விகாரைகளில் கூட்டம். தெரு மட்டும் காலியாக இருக்கும், அது ஒரு லாபம்.

கப்பலைத் தவறவிட்டால்? (பெயர் ஊர் எழுதாதவர்)

கப்பல்காரர் விற்ற சுற்றுலா பிந்தினால் பொதுவாகக் கப்பல் காத்திருக்கும். நீங்களாகப் போய்ப் பிந்தினால் காத்திருக்காது. அடுத்த துறைமுகத்துக்கு உங்கள் செலவில் விமானம். துறைமுக ஏஜெண்டின் தொலைபேசி எண் கப்பலில் தினமும் தருகிற தாளில் இருக்கும். அதைக் கடுதாசியில் எழுதிப் பையில் வையுங்கள். போனில் மட்டும் வைத்தால் பற்றரி இறங்கும்போது அதுவும் போய்விடும். கடவுச்சீட்டின் பிரதி ஒன்றும் அதோடு. கப்பல் நேரத்தில் கடிகாரம் என்று மேலே எழுதியதை நீங்கள் இன்னொரு தடவை படியுங்கள்.

டிசம்பரில் வருகிறோம். குடை வேண்டுமா? (சேலம்)

வேண்டும். வெயிலுக்கும், சில நாள் மழைக்கும்.