இல்லாததைக் கண் பார்க்குமா?

கேள்வி: மேசை மேல் சாவி இல்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது. இல்லாத பொருள் கண்ணில் எப்படிப் படும்? பழைய தத்துவக்காரர்கள் யாராவது இதை யோசித்திருக்கிறார்களா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: யோசித்ததா, நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள்! சாவிக்குப் பதில் குடம், மேசைக்குப் பதில் தரை, அவ்வளவுதான்.

தரையைப் பார்க்கிற அதே கண்தான் அதில் குடம் இல்லாததையும் பார்க்கிறது என்பது தர்க்கத்தை முதன்மையாகக் கொண்ட நியாய மரபினர் கட்சி. வேதத்தை விளக்கும் மரபான மீமாம்சையில் பிரபாகரர் வழி வந்தவர்கள், நீங்கள் பார்த்தது வெறும் தரை, இன்மை என்று தனியாக ஒன்றும் கிடையாது என்று சுருக்கமாக முடித்துவிட்டார்கள். அதே மீமாம்சையின் 7ஆம் நூற்றாண்டுக் குமாரில பட்டர் அப்படி விடவில்லை. காலையில் ஓரிடத்துக்குப் போய்விட்டு வருகிறீர்கள், பிறகு வேறெங்கோ இருக்கும்போது ஒருவர் 'அங்கே இன்னார் இருந்தாரா?' என்று கேட்கிறார், அதுவரை அந்த ஆளைப் பற்றி நினைக்கவே இல்லை, கேட்ட பிறகுதான் 'இல்லையே' என்று தெரிகிறது. அந்த இடமே இப்போது எதிரில் இல்லாதபோது கண்ணுக்கு இதில் என்ன வேலை? ஆகவே இது காட்சி அல்ல, அனுபலப்தி (தென்படாமை) என்ற தனி அளவை, அதாவது அறிவைப் பெறும் தனி வழி என்றார். அத்வைதிகளும் அதைத் தனி அளவையாகவே வைத்தார்கள். அது நினைவை வைத்துச் செய்த அனுமானம்தான் என்று நியாயக்காரர்கள் பதில் சொன்னாலும், எனக்கென்னவோ குமாரிலர் கைதான் ஓங்கித் தெரிகிறது.

தமிழில் வேண்டுமானால் மணிமேகலையைப் புரட்டுங்கள். வஞ்சி நகரத்து அளவைவாதி காண்டல், கருதல் (அனுமானம்) என்று தொடங்கி அடுக்குகிற பத்து அளவைகளில் அபாவமும், அதாவது இன்மையும், ஒன்று. அப்புறம் காஞ்சியில் அறவண அடிகள் பௌத்தக் கணக்கைச் சொல்லும்போது மிஞ்சுவது காட்சியும் கருத்தளவும் என்று இரண்டே இரண்டு.

பௌத்தரான தர்மகீர்த்தி இன்மையை அனுமானத்தில் சேர்த்தார், ஆனால் கறாரான ஒரு நிபந்தனையோடு: இருந்திருந்தால் கண்ணில் பட்டிருக்கும் என்று சொல்லக்கூடிய பொருளுக்குத்தான் இது செல்லும். கும்மிருட்டில் நின்றுகொண்டு 'குடம் இல்லை' என்று அடித்துச் சொல்ல முடியாதல்லவா? பிசாசு விஷயத்திலும் அப்படித்தான். இயல்பாகவே கண்ணுக்குத் தெரியாதது என்று வைத்துக்கொண்டால், தெரியவில்லை என்பதை மட்டும் காட்டி அது இங்கே இல்லை என்று நிரூபிக்க வழியில்லை. அதற்காக, இருக்கிறது என்றும் ஆகிவிடாது. சந்தேகம் சந்தேகமாகவே நிற்கும்.